வாளையார் சகோதரிகள்: ஊகத்துக்கும் கேள்விக்கும் நடுவே

(இளைஞர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாளையார் நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர்தான். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழியில், எல்லைச் சோதனைச்சாவடி இருக்கும் ஊர். அதன் பக்கத்தில் அட்டப்பள்ளம் என்ற இடத்தில் ஒரு தலித் குடும்பம் வாழ்ந்தது. தாயும் தந்தையும் கட்டுமானக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். 2017 ஜனவரி 13 அன்று அந்த வீட்டின் 13 வயது மகள் தூக்கில் தொங்கிய நிலையில் இறந்து கிடந்தாள். ஏழு வாரம் கழித்து, மார்ச் 4 அன்று, அவளுடைய 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில் அதே விதமாக இறந்து கிடந்தாள்.

இந்த இரண்டு மரணங்களைப் பற்றி இணையத்தில் எவ்வளவோ பேசப்பட்டுவிட்டது. யூடியூபில் 'மர்மம்', 'அதிர்ச்சி' என்ற தலைப்புகளோடு பேசுகிறார்கள். கருத்துப் பெட்டியில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். கொலை என்கிறார் ஒருவர், தற்கொலை என்கிறார் இன்னொருவர். தாய்க்கு எல்லாம் தெரியும் என்கிறார் மூன்றாமவர். இவர்களில் யாரும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, வழக்கின் ஆவணங்களைப் படித்ததுமில்லை. ஆனாலும் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை.

ஊகம் தப்பு, ஊகிக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஊகம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்துவிட்டு அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். மூத்தவள் இறந்தபோதே, பாலியல் வன்கொடுமை நடந்ததற்கான அறிகுறிகள் உடற்கூறாய்வு அறிக்கையில் இருந்தன. போக்சோ சட்டம் 2012இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு குழந்தையின் உடலில் அப்படி ஓர் அறிகுறி தெரிந்தால் காவல்துறை என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பத்துக்கே இடமில்லை. உடனே வழக்குப் பதிய வேண்டும், யார் யார் வந்து போனார்கள் என்று விசாரிக்க வேண்டும், வீட்டில் இருக்கும் இன்னொரு குழந்தையைப் பாதுகாக்க வேண்டும். அந்த இன்னொரு குழந்தை, அக்காள் இறந்த அன்று முகத்தை மறைத்த இருவர் வீட்டிலிருந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னவள் என்று செய்திகள் கூறின. அப்படியானால் அவள் சாட்சி. அந்த ஏழு வாரங்களில் அவளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

இரண்டாவது மரணம் நடந்த பிறகுதான் அரசு அசைந்தது. காவல் உதவி ஆய்வாளர் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார், கைதுகள் நடந்தன. தங்கையின் உடலைப் பரிசோதித்த மருத்துவர், கொலைக்கான சாத்தியத்தையும் விசாரிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டியிருந்தார். ஆனால் வழக்கு தற்கொலை என்ற பாதையிலேயே போனது. 2019 அக்டோபரில் பாலக்காடு போக்சோ நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக வாதாடிய வழக்கறிஞரே மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்ததும் அந்தக் காலத்தில்தான் வெளியே வந்தது. குழந்தைகளைக் காக்க வேண்டிய நாற்காலி அது! எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவர் நீக்கப்பட்டார்.

2021 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. புலனாய்விலும் அரசுத் தரப்பு வழக்கை நடத்திய விதத்திலும் இருந்த குறைகளை நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. அதன்பின் வழக்கு சிபிஐ கைக்கு வந்தது. அதுவும் தற்கொலை என்றுதான் சொன்னது. 2022 ஆகஸ்டில் அந்தக் குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்க மறுத்து மேலும் விசாரிக்கச் சொன்னது.

தோழர்களே, பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லாமல் இருந்த இடம் இது. அந்த வெற்றிடத்தில்தான் ஊகம் முளைக்கிறது. சரியான நேரத்தில் சரியான விசாரணை நடந்திருந்தால் யூடியூபில் பேச இவர்களுக்குச் சரக்கே இருந்திருக்காது. ஆகவே மக்கள் சந்தேகப்படுவதை நான் குறை சொல்லவில்லை. அரசு சொல்வதை அப்படியே நம்பு என்று தலித் மக்களிடம் சொல்லும் தகுதி இந்த நாட்டில் எந்தக் காவல் நிலையத்துக்கும் இல்லை.

ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்ப வரும் ஊகம் எந்தப் பக்கம் ஓடுகிறது? தண்ணீரைப் போல அதுவும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடுகிறது.

"பெண் குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டு ஏன் வேலைக்குப் போனார்கள்?" முதலில் வரும் கேள்வி இதுதான். கூலி வேலைக்குப் போகாமல் அந்த வீட்டில் எப்படி அடுப்பு எரியும்? நகரத்தில் கணவனும் மனைவியும் அலுவலகம் போனால் அது உழைப்பு, அட்டப்பள்ளத்தில் கட்டட வேலைக்குப் போனால் அது அலட்சியமா? அடுத்து குழந்தைகளின் நடத்தையைப் பற்றிப் பேச்சு வரும். 9 வயது, 13 வயதுக் குழந்தைகளின் நடத்தை! சட்டத்தில் குழந்தைக்குச் சம்மதம் என்ற ஒன்றே கிடையாது. 18 வயதுக்குக் கீழே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது கேள்வி நம்மை நோக்கியே வரும். "குற்றம் சாட்டப்பட்டவர்களில் உறவினர்களும் இருக்கிறார்களே, இதில் சாதி எங்கே வந்தது?" குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்தவர்களால்தான் நடக்கிறது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் சொல்கிறது. எல்லாச் சாதியிலும் அதுதான் நிலை. சாதியைக் குற்றவாளியின் சான்றிதழில் மட்டும் தேடினால் அது கண்ணில் படாது. முதல் உடற்கூறாய்வு அறிக்கை மேசையில் கிடந்த அந்த ஏழு வாரங்களில் தேடுங்கள். எந்தக் குழந்தையின் மரணத்தை அவசரமாக விசாரிக்க வேண்டும், எதைக் கிடப்பில் போடலாம் என்று முடிவெடுக்கிறதே, அந்தக் கையில் தேடுங்கள்.

மேல்தட்டுப் பெற்றோர் மீதும் ஊகம் பாய்ந்ததுண்டே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். 2008இல் நொய்டாவில் நடந்த இரட்டைக் கொலையில், பல் மருத்துவர்களான பெற்றோரைத் தொலைக்காட்சிகள் பாடாய்ப் படுத்தின. அது அநியாயம்தான். 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் அந்த வீட்டில் அதே இரவில் கொல்லப்பட்ட இன்னொருவர் நேபாளத்திலிருந்து வந்த வீட்டுவேலைத் தொழிலாளி. நாடே அந்த வழக்கை அந்தப் பெண்ணின் பெயரால் மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறது. முதல் நாள் போலீஸ் அந்தத் தொழிலாளியைத்தான் கொலைகாரன் என்று தேடியது. அவருடைய உடல் அந்த வீட்டு மொட்டை மாடியிலேயே கிடந்தது. ஊகம் முதலில் யாரைத் தேடிப் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2014இல் உத்தரப் பிரதேசத்தின் பதாவுன் மாவட்டத்தில் ஒன்றுவிட்ட சகோதரிகள் இருவர் மரத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. தலித் சிறுமிகள் என்றே பல இடங்களில் எழுதினார்கள். அவர்கள் பிற்படுத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அடிப்படைத் தகவலையே சரிபார்க்காத கோபம் அது. அந்தக் குழந்தைகளின் உடலைக் காட்டும் படத்தைப் பகிர்ந்தவர்களில் முற்போக்காளர்களும் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் லக்கிம்பூர் கேரியில் இரண்டு தலித் சகோதரிகள் கரும்புத் தோட்டத்தில் இறந்து கிடந்தார்கள். தன் கண் முன்னே மகள்களை இழுத்துப் போனார்கள் என்றார் தாய். அவர்கள் விரும்பித்தான் போனார்கள் என்று மறுநாளே போலீஸ் சொன்னது. இணையத்தில் ஒரு கூட்டம் கைதானவர்களின் மதத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. ஹத்ராஸில் வாய் திறக்காதவர்களுக்கு லக்கிம்பூரில் திடீரென்று தலித் பாசம் பொங்கியது. தாய் சொன்னதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்போது வாளையாருக்கே திரும்புகிறேன், நம்மைச் சங்கடப்படுத்தும் இடத்துக்கு. 2025 ஜனவரியில் சிபிஐ அந்தத் தாயையும் தந்தையையும் குற்றம் சாட்டப்பட்டவர்களாகச் சேர்த்தது. கொடுமை நடப்பது தெரிந்தும் தடுக்கவில்லை, உடந்தையாக இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் அதை மறுக்கிறார்கள். அவர்கள் மீது கடும் நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தது. இந்தத் தாய்தான் நீதி கேட்டுத் தலையை மொட்டையடித்துக்கொண்டவர். 2021 சட்டமன்றத் தேர்தலில் தர்மடம் தொகுதியில் முதலமைச்சரையே எதிர்த்து நின்றவர். குழந்தையின் கவுன்தான் அவருடைய தேர்தல் சின்னம்.

செய்தி வந்ததும் "அன்றைக்கே சொன்னோம்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. குற்றப்பத்திரிகை என்பது விசாரணை அமைப்பின் குற்றச்சாட்டு மட்டுமே, தீர்ப்பு அல்ல. இதே வழக்கில் இதே அமைப்பின் ஒரு குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்க மறுத்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

அதற்காக, "அந்தத் தாய் நிரபராதி, எனக்குத் தெரியும்" என்று மேடையில் நின்று நான் சொல்ல மாட்டேன். அதுவும் ஊகம்தான். நம் ஆதரவை ஊகத்தின் மேல் கட்டினால் அடுத்த குற்றப்பத்திரிகையில் அது சரிந்துவிடும். நாளைக்கு நீதிமன்றம் எந்தத் தீர்ப்பைச் சொன்னாலும் சரியாத கேள்விகள் நம்மிடம் இருக்கின்றன. முதல் அறிக்கை வந்த பிறகு அந்த ஏழு வாரங்களில் காவல்துறை என்ன செய்தது? தங்கையை ஏன் பாதுகாக்கவில்லை? கொலைக்கான சாத்தியத்தை முறையாக விசாரித்தார்களா? குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைப் பெற்றோர் மீது காட்டும் அதே வேகத்தில், தகவல் கையில் இருந்த அதிகாரிகள் மீதும் காட்டினார்களா?

ஊகம் என்பது பதில் சொல்லவோ வழக்கறிஞர் வைக்கவோ வழியில்லாதவரைப் பார்த்து விரலை நீட்டுவது. கேள்வி என்பது பதில் சொல்லச் சம்பளம் வாங்குகிறவரைப் பார்த்துக் கேட்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

நாளைக்கே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி எதையும் பகிராதீர்கள். இறந்துபோன குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2018இல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெற்றோரின் முகத்தை வைத்துக் கதை கட்டும் காணொளியை, திட்டுவதற்காகக்கூடப் பகிராதீர்கள். திட்டினாலும் அவர்களுக்கு அது வருமானம்தான். எழுதுவதற்கு முன் தேதிகளைச் சரிபாருங்கள். எந்த நீதிமன்றம், எந்த உத்தரவு என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இன்னொன்று. 2017 மார்ச்சிலிருந்து 2019 அக்டோபர் வரை இந்த வழக்கைப் பற்றிக் கேரளத்துக்கு வெளியே அதிகம் பேச்சே இல்லை. விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகுதான் எல்லோரும் விழித்தோம். சாட்சிகள் கலைவதும் ஆவணங்கள் பலவீனமாவதும் அந்த அமைதியான காலத்தில்தான். உங்கள் மாவட்டத்தில் ஒரு தலித் குழந்தை சந்தேகமான முறையில் இறந்தால், ஹேஷ்டேக் வரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் வாரத்திலேயே போங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலும் உடற்கூறாய்வு அறிக்கையும் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டில் இன்னொரு குழந்தை இருக்கிறதா என்று கேளுங்கள்.