கற்றோரும் வாக்குச் சீட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பட்டம் பெற்றோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட இரயில்வே எழுத்தர் கல்வியைப் பற்றிப் பேச வந்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். இரயிலே ஓடாத தீவில் இரயில் டிக்கெட்டுக் கொடுப்பதைக் காட்டிலும் அது பெரிய வியப்பன்று.

மக்களாட்சியில் கற்றவர்க்கு உள்ள பொறுப்பு யாது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டுவதில்லை. நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அவர்கள் நம்மைப் போல் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள் அல்லர். இலங்கையின் தேயிலை மலைகளிலே வாழ்ந்து, நாடற்றவராக்கப்பட்டு, இங்கே அனுப்பப்பட்டவர்கள். நாடு அவர்களை விட்டுப் போன விதத்தைச் சற்றே சொல்ல விரும்புகிறோம்.

1911-ஆம் ஆண்டு இலங்கையில் சட்ட நிரூபண சபைக்கு ஒரு தேர்தல் நடந்தது. அத்தொகுதிக்குப் பெயரே 'கற்ற இலங்கையர்' தொகுதி. ஏறக்குறைய 3,000 பேர்க்கே அதில் வாக்கு. வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் சாமானியர் அல்லர். 1913-இல் பெண்கள் கற்கக் கல்லூரி கண்டவர். 1921-இல் பரமேசுவராக் கல்லூரியை நிறுவியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் எழுந்தது அந்த வளாகத்திலேதான். ஆயினும், வயது வந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை என்று டொனமூர்க் குழு 1928-இல் பரிந்துரைத்தபோது, அந்தப் பெருமகனே அதனை முழுமூச்சாக எதிர்த்தார். எழுத்தறியாதவன் கையில் நாட்டைக் கொடுப்பதா என்பது அந்நாளைய கற்றவர் பலருடைய அச்சம். 1930-இல் அவர் மறைந்தார். 1931-இல் வாக்குரிமை வந்தே தீர்ந்தது.

பள்ளிக் கதவைத் திறந்த கை, வாக்குச் சாவடியின் கதவைச் சாத்த முனைந்தது ஏன்? கல்வி தாம் ஈட்டிய சொத்து என்றும், வாக்கு அந்தச் சொத்துக்குக் கிடைத்த வட்டி என்றும் கற்றவர் எண்ணத் தலைப்பட்டதே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

கொழுந்து பறித்த கைகள் அந்த வாக்கை எப்படிப் பயன்படுத்தின? 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு 7 இடங்களைப் பெற்றது. அதுவே வினையாயிற்று. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவனா, இல்லையேல் பாட்டனும் பாட்டனின் தகப்பனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்குப் பத்திரம் ஏது? 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1948-இன் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பின், இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். கேம்பிரிட்ஜில் கற்ற பெரும் வழக்கறிஞர் அவர். அவரை விட்டுப் பிரிந்த செல்வநாயகமும் வழக்கறிஞரே. இன்று மலைநாட்டார்க்கு வந்தது நாளை நமக்கும் வரும் என எச்சரித்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைக் கண்டார். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஆங்கிலம் கற்று அரசாங்க அலுவலகங்களில் அமர்ந்திருந்த எழுத்தர்கள் (நம் இனத்தார்தாம்!) சிங்களத்தில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்ற நெருக்கடிக்கு ஆளாயினர். தோட்டத்துப் பிரதிநிதிகள் இருந்த இருக்கைகள் அப்போது பாராளுமன்றத்தில் அவர்களுக்கு இல்லை.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்கள் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சந்தையில் தேங்காய் எண்ணுவதும் இப்படித்தான்! மண்டபம் முகாமில் வந்திறங்கியோர் பல திசைகளுக்கும் அனுப்பப்பட்டனர். ஒரு சிலர் கச்சாலுக்கு வந்தனர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அத்தீவையும் விடவில்லை.

கற்றவர் எல்லாரும் ஒதுங்கி நின்றனர் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். தஞ்சை மாவட்டத்திலிருந்து சென்ற கோ. நடேச ஐயர், துணி வணிகர் வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரைக் கண்டு பேசினார். பத்திரிகை நடத்தினார், 1931-இல் சங்கம் கண்டார், 1936-இல் அட்டனிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டத்து மக்களிடையே பாடியே செய்திகளைச் சொன்னார். படிக்கத் தெரியாதவரிடம் காகிதத்தை நீட்டிப் பயன் என்ன என்று அந்த அம்மையார் அறிந்திருந்தார்.

இனி நம் தீவிற்கு வருவோம். 1967 வரையில் நம் பாராளுமன்ற உறுப்பினர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டவரே. அவ்வாண்டுதான் நாம் முதன்முதலாக வாக்களித்து ஒருவரை அனுப்பினோம். சட்டமன்றம் நமக்கு இல்லை; மக்களவையில் ஓர் இடம் உண்டு. ஆகவே இங்கே ஒரு வாக்கின் எடை அதிகம்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நம் தீவுகளிலும் தொடங்கியது. ஒவ்வொரு வாக்காளரும் படிவம் நிரப்பித் தர வேண்டியிருந்தது. பழைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என எழுதும் பகுதியும் அதில் உண்டு. இலங்கைச் சட்டமும் இதுவும் ஒன்று என்று நாம் கூறவில்லை. ஆனால் பழைய தாளைத் தேடி எடுப்பது எழுதத் தெரிந்தவர்க்கு ஒரு மாலைப் பொழுது வேலை. தெரியாதவர்க்கு இரண்டு நாள் கூலி நட்டம். பயண முன்பதிவுப் படிவத்தையே எவரிடம் நீட்டுவது என்று தயங்கி நிற்போரை நாம் நாள்தோறும் ஜன்னலுக்கு அப்பால் காண்கிறோம். அவர்க்குப் பின்னே நிற்பவர் சட்டைப் பையில் பேனா இருக்கும். வாயில் முணுமுணுப்பு இருக்கும்.

விடுபட்டவர் படிவம் 6 கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஆதலின் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் நம் கட்டடத்தின் வாயிலில் ஒரு மேசை போடுவோம். பட்டம் பெற்ற இளைஞர் இருவர் அமரட்டும். பக்கத்துக் குடியிருப்பின் கூலியாளரும், கப்பலேறி நகர மருத்துவமனைக்கு வரும் கச்சால் குடும்பத்தாரும் வந்து எழுதிக்கொள்ளட்டும். அவர் தமிழரா, வங்காளியரா, ராஞ்சியாரா, எக்கட்சியார் என்று எவரும் கேட்க வேண்டா. விருப்பமுள்ளோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பேனா நாம் கொண்டுவருவோம்.