வரைபடத்தில் எல்லாத் தெருவும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது

(ஆவூரில் மாணவர்கள், இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

 

புவிசார் தகவல் அறிவியல் பற்றிப் பேசச் சொன்னீர்கள். 2022 டிசம்பர் 28 அன்று ஒன்றிய அரசு தேசியப் புவிசார் கொள்கையை அறிவித்தது. அதே வாரத்தில்தான், டிசம்பர் 26 அன்று, நம் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து வைத்துத்தான் நான் பேச முடியும்.

பல்கலைக்கழகங்களில் இத்துறைக்குப் பயிலரங்குகள் நிறைய நடக்கின்றன. நானும் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். செயற்கைக்கோள் படம், மென்பொருள், கடைசி நாள் சான்றிதழ், குழுப் படம். தவறாமல் ஒரு பயிற்சி இருக்கும்: ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிப்பது. கணினி நொடியில் கோடு போட்டுவிடும். எல்லாத் தெருவிலும் எல்லோரும் போகலாம் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. சேரியிலிருந்து பிணத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக விடாத கிராமத்தில் அந்தக் கோடு பொய். உண்மையான பாதை வயல் வரப்பில் சுற்றிப் போகிறது.

இதை ஒரு பயிலரங்கில் கேட்டேன். "இது தொழில்நுட்ப வகுப்பு, சமூகவியல் பேச வேண்டாம்" என்றார்கள். ஆனால் அதே மென்பொருளில் 'தடை' என்று ஒரு வசதி இருக்கிறது. வெள்ளத்தில் பாலம் உடைந்தால் அந்த இடத்தில் தடை வைத்துப் பாதையை மறுபடி கணக்கிடலாம். வெள்ளத்துக்கு வைக்கத் தெரிந்த தடையைச் சாதிக்கு வைக்கத் தெரியாதா?

மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்பதும் பாதி உண்மைதான். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். உத்தப்புரம் தீண்டாமைச் சுவர் போன்ற ஒன்று அதில் சிக்காது. துல்லியமான படத்தில் சிக்கினாலும் வெறும் சுவராகத்தான் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பட்டியல் சாதியினர் எண்ணிக்கையைக் கிராமத்துக்கு ஒன்றாக வெளியிடுகிறது. ஊரும் சேரியும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகின்றன. 'இந்தக் கிராமத்தில் குடிநீர் உண்டு' என்றால் யாருக்கு உண்டு?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். ஒஹாயோ மாநிலம், சேன்ஸ்வில் நகரத்தை ஒட்டிய கோல் ரன் பகுதி. சுற்றிலும் வெள்ளையர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர். கறுப்பின மக்களோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு மழைநீர் பிடித்தும், வண்டியில் தண்ணீர் சுமந்தும் வாழ்ந்தார்கள். வழக்கில் ஆய்வாளர்கள் வீடு வீடாக ஒரு வரைபடம் போட்டார்கள்: இங்கே வசிப்பவர் யார், குழாய் உண்டா இல்லையா. 'மேடான நிலம், செலவு அதிகம்' போன்ற சாக்குகள் அந்தப் படத்தின் முன் நிற்கவில்லை. 2008 ஜூலையில் நடுவர் குழு 67 பேருக்கு ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

நமக்கும் சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொதுப்பாதை, சுடுகாடு, நீர்நிலை, குழாய் ஆகியவற்றைச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. மனுவில் 'பாதை மறுக்கிறார்கள்' என்று எழுதினால் அலுவலகத்தில் அது ஒரு வரி. எந்த இடத்தில் மறிக்கிறார்கள், நேர்வழி எத்தனை மீட்டர், சுற்றுவழி எத்தனை மீட்டர் என்று படத்தோடு கொடுத்தால் அதிகாரி நேரில் வந்து அளந்துதான் மறுக்க வேண்டும்.

இதற்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியில் சில மீட்டர் பிசகும். பாதை அளக்க அது போதும். தொட்டி, குழாய், ரேஷன் கடை, சுடுகாடு, மறிக்கும் இடம் இவற்றை நடந்துபோய்க் குறியுங்கள். பெரியவர்களைக் கூட்டிப் போங்கள், எந்தப் பாதை எப்போது அடைபட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும். சாட்சி சொன்னவர் வீட்டை மட்டும் படத்தில் காட்டாதீர்கள். பெயர்கள் தனி நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டு யாரிடம் இருக்கும் என்பதை இன்றைக்கே பேசி முடிவு செய்துவிடுவோம்.