தேயிலை மலையில் துணைக்கு ஒருவர்



ரப்பர் தோட்டத்து மக்களாகிய உங்கள் முன் தேயிலை மலையில் வளர்ந்த நாங்கள் பேச வந்திருக்கிறோம். உங்களுக்குப் பால்மரம், எங்களுக்குக் கொழுந்து. நீங்கள் விடியுமுன் தலைவிளக்கோடு நிரையில் இறங்குகிறீர்கள். எங்கள் பெற்றோர் பனிமூட்டத்தில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினார்கள். பெரட்டுக்களமும் லயத்து வீடும் ஆயாக் கொட்டகையும் மாரியம்மன் கோயிலும் இரு பக்கத்துக்கும் பொது. ஆகவே பிள்ளைப் பருவத்து விளையாட்டையும் கனவையும் தோழமையையும் பற்றி நாங்கள் கூறப்போவது உங்களுக்கு முற்றிலும் புதிய செய்தியாக இராது. ஆயினும் அதில் ஒரு பகுதியைப் பெரியவர்களாகிய நாம் கவனியாமல் விட்டுவிடுகிறோம் என்பது எங்கள் எண்ணம். அதனைச் சொல்லவே வந்தோம்.

முதலில் எங்கள் மலையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங்கின் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மோட்டார் வண்டிச் சாலை 1930களின் தொடக்கத்தில் அமைந்தது. பிறகு சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தோட்டங்கள் பெருகின. இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படம் பிடிக்கும் பச்சைச் சரிவுகளில் நம் முன்னோரின் முதுகெலும்பு இருக்கிறது. எங்களுக்கோ அந்தச் சரிவு கொல்லைப்புறமாக இருந்தது. அதைப் பார்க்க மக்கள் பணம் செலவழித்து வருவார்கள் என்பது சிறுவயதில் எங்களுக்கு விளங்கவே இல்லை.

தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1978 பிப்ரவரி முதல் நாள் கேமரன் மலையில் 7.8 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. இந்நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே என்பர். அத்தகைய குளிரில் கம்பளிச் சட்டை இல்லாத பிள்ளைக்கு அடுப்பங்கரையே சுவர்க்கம். கவ்வாத்து வெட்டிக் காயவைத்த தேயிலை விறகு சடசடவென்று எரியும். எவர் வீட்டில் முதலில் அடுப்புப் பற்றியதோ அந்த வீட்டில் நாலு வீட்டுப் பிள்ளைகள் குந்தியிருப்பார்கள். அந்த வீட்டு அம்மா வரக்காப்பியில் இன்னும் ஒரு குவளைத் தண்ணீர் கூட்டுவாரேயன்றி எவரையும் எழுந்து போகச் சொன்னதில்லை.

மலைத்தோட்டத்தில் சமநிலம் என்பது அரிய பொருள். பெரட்டுக்களம், கோயில் முற்றம், பள்ளித் திடல் இவற்றைத் தவிர மற்றதெல்லாம் சரிவு. பந்தாடினால் பாதி நேரம் பந்தைத் தேடுவதிலேயே கழியும். உங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டுப்பாலைச் சுற்றித் துள்ளும் பந்து செய்துகொள்ளும் பேறு இருந்தது. எங்களுக்குக் கந்தல்துணியைச் சுருட்டிக் கட்டிய பந்துதான். அது துள்ளாது, ஆனால் உருளும். தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு ஓடைக்கரை வரை போய்விடும். உதைத்தவனே எடுத்துவர வேண்டும் என்பது எங்கள் சட்டம். கீழே பனி அடைத்திருக்கும், அட்டை உண்டு, பாம்பு இருக்கும் என்ற பயமும் உண்டு. ஆதலால் உதைத்தவனோடு இன்னொருவன் துணைக்கு இறங்குவான். அவனை எவரும் ஏவுவதில்லை. எவன் எவனுக்குத் துணையாக இறங்குகிறான் என்பதைக் கொண்டே எவன் எவனுக்குத் தோழன் என்பதை மேலே நிற்பவர்கள் அறிந்துகொள்வோம்.

கோலிக்குண்டு வாங்கக் காசில்லாதபோது தேயிலை விதையே கோலி. கொழுந்து கிள்ளும் செடி இடுப்பளவுக்கு மேல் வளர விடப்படுவதில்லை. அதில் காயைக் காண்பது அரிது. ஓரங்களில் வெட்டாமல் விடப்பட்ட தேயிலை மரமாகவே உயர்ந்து, வெள்ளைப்பூப் பூத்துக் காய்க்கும். அதன் விதை பழுப்பு நிற உருண்டை. உங்கள் ரப்பர் விதையின் புள்ளிக்கோலம் அதற்கு ஏது? காய் வெடிக்கும் காலத்தில் ரப்பர் விதையைப் பொறுக்கி, சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்திலிருப்பவன் கையில் வைக்கும் குறும்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்திலிருந்து உறவுக்காரப் பிள்ளை எவனாவது சட்டைப்பை நிறைய அவ்விதையோடு வந்தால், அன்று அவனே எங்கள் லயத்துக்கு அரசன்.

பெண்பிள்ளைகள் ஐந்துகல்லும் பாண்டியும் ஆடினர். அவர்கள் இடுப்பில் தம்பியோ தங்கையோ இருக்கும். நொண்டியடிக்கும் முறை வந்ததும் குழந்தையைத் தோழியின் இடுப்புக்கு மாற்றிவிட்டு ஆடுவர். ஆட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வர். தாயார் கொழுந்துக்காட்டில் நிற்கும்போது அத்தோழமைதான் பல கைக்குழந்தைகளைக் காத்தது.

தகவல் இலாகாவின் படவண்டி வரும் இரவு எங்களுக்குத் திருவிழா. திடலில் வெள்ளைத் திரையைக் கட்டி, பொறியை முடுக்கிப் படம் காட்டுவர். மலையில் ஒரு வேடிக்கை நடக்கும். படம் நடுவில் இருக்கும்போது பனி இறங்கிவிடும். திரை மறைந்து, ஒளிக்கற்றை மட்டும் தலைக்கு மேலே வெண்புகைத் தூண் போலக் கிடக்கும். கதாநாயகன் பேசுவது கேட்கும், ஆள் தெரியாது. பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்புவர். நாங்கள் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூவர் நால்வராக உட்கார்ந்து, திரையில் இப்போது என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு கதை கட்டுவோம். பனி விலகியபின் கண்ட உண்மைக் கதை எங்கள் கதையைவிடச் சுவை குறைவாக இருந்த நாட்களும் உண்டு.

‘விளையாட்டு வயிற்றை நிரப்புமா?’ என்று நம் வீடுகளில் கேட்பது வழக்கம். நிரப்பாது. ஆனால் ஐக்கிய நாட்டு நிறுவனம் 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் விதி, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று கூறுகிறது. மலேசியா 1995இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. உலக நாடுகள் கூடி எழுதிய ஒன்றை நம் லயத்துப் பிள்ளைகள் கந்தல்பந்தைக் கொண்டு முன்னமே நடத்திவிட்டார்கள் என்று நாம் பெருமை கொள்ளலாம்.

இனிக் கனவுக்கு வருவோம். தோட்டத்துப் பிள்ளையின் கனவு அதன் கண்ணுக்கு எட்டிய தூரம்தான் போகும். லாரி ஓட்டுபவரைக் கண்டான். லாரி ஓட்ட ஆசைப்பட்டான். கிராணியார் சட்டைப்பையில் இரண்டு பேனா கண்டான், கிராணியாக ஆசைப்பட்டான். ஆசிரியரையும் மருந்து கொடுப்பவரையும் கண்ட பெண்பிள்ளை, ஆசிரியையாகவும் தாதியாகவும் கனவு கண்டாள். கப்பல் கட்டும் பொறியாளரையோ நீதிமன்ற வழக்கறிஞரையோ அவர்கள் கண்டதில்லை. ஆகவே கனவில் அவர்கள் வரவில்லை. எங்களுக்கு அந்த எல்லையை அகலமாக்கியவர்கள் யார்? புத்தகம் ஓரளவு, வானொலி ஓரளவு. பெரும்பங்கு, நமக்கு ஒரு வயது மூத்த தோழருடையது. அவர் பட்டணத்துப் பள்ளிக்குப் போய் மாலையில் திரும்பி, அங்கே அறிவியல்கூடத்தில் தவளையை அறுத்துக் காட்டினார்கள் என்று சொல்வார். மறுநாள் முழுதும் எங்களுக்கு அதே பேச்சு.

மலாய்க்கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று விதித்தது. பகாங்கும் அவற்றுள் ஒன்று. ஆகையால் தமிழ்ப்பள்ளி நம் வாசலுக்கே வந்தது. ஆறாம் ஆண்டு வரை தோழர்கள் பிரியாமல் படிக்கலாயிற்று. சோதனை அதன்பிறகுதான். இடைநிலைப்பள்ளி ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ இருந்தது. தேயிலைத் தோட்டம் பெருஞ்சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வளைவுக்கு மேல் வளைவாகப் போகும் ஒற்றைச் சாலையில் இருக்கும். விடியுமுன் எழ வேண்டும். கண்ணுக்கு முன்னே கையை நீட்டினால் கை தெரியாத பனியில் நடந்து வண்டி ஏற வேண்டும். பள்ளியிலோ மொழி புதிது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து மலாய்மொழி பழகினர். நம்மைவிட வயதில் சிறியவர்கள் நமக்குச் சமமான படிவத்தில் இருப்பதைப் பார்த்துக் கூசிய நாட்கள் அவை.

அக்காலத்தில் நாங்கள் கண்ணால் கண்டது இது. தனியே போன பிள்ளை பெரும்பாலும் நின்றுவிட்டது. இருவராகவோ மூவராகவோ போனவர்கள் தொடர்ந்தார்கள். எங்கள் லயத்தில் ஓராண்டு மூவர் சேர்ந்து போனோம். எங்களில் ஒருவருக்குக் கணக்கு வரும். ஒருவருக்கு மலாய் விரைவில் வந்தது. மூன்றாமவருக்கு இரண்டும் வரவில்லை, ஆனால் சிரிக்கவைக்கத் தெரியும். மழைநாளில் ‘இன்றைக்குப் போகவேண்டாமே’ என்று ஒருவர் நினைக்கும்போது மற்ற இருவரும் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த வெட்கத்துக்காகவே எழுந்து போனோம். அதே ஆண்டு மேல்பிரிவிலிருந்து ஒரு பையன் தனியே போனான். படிப்பில் எங்கள் மூவரையும்விடக் கெட்டிக்காரன். அவன் வாசலில் வந்து நிற்க எவரும் இல்லை. ஆண்டு பாதியில் அவன் கையில் புத்தகத்துக்குப் பதில் மருந்து தெளிக்கும் குழாய் இருந்தது. அவனுடைய வீட்டாரும் ஏழைகள், எங்கள் வீட்டாரும் ஏழைகள். அறிவிலோ அவன் மேல். வேற்றுமை துணையில்தான் இருந்தது.

பெண்பிள்ளைகளிடத்தில் இது இன்னும் கூர்மையானது. தோழி போகிறாள் என்றால் தந்தையார் மகளை அனுப்புவார். தோழி பெரியவளாகி வீட்டில் நிறுத்தப்பட்டால், அன்றே இவளுடைய படிப்பும் நின்றுவிடும். ஒரு வீட்டில் எடுத்த முடிவு இரண்டு வீட்டுப் பெண்களின் வாழ்வை முடிவு செய்தது. இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. நம் பெண்கள் பல்கலைக்கழகம் வரை போகிறார்கள். ஆயினும் தாய்மார்களிடம் ஒன்று சொல்லலாம் என நினைக்கிறோம். உங்கள் மகளின் தோழி அடிக்கடி வீட்டுக்கு வருவதை வீண் அரட்டை என்று தள்ளாதீர்கள். அந்த அரட்டைக்குள்ளே வீட்டுப்பாடமும் இருக்கிறது. தாயிடம் சொல்லக் கூசும் அச்சத்தைச் சொல்லும் இடமும் இருக்கிறது.

பட்டணத்துப் பள்ளியில் காய்கறித் தோட்டக்காரர்களின் சீனப் பிள்ளைகளும், மலாய்ப் பிள்ளைகளும், செமாய் பூர்வகுடிப் பிள்ளைகளும் எங்களோடு அமர்ந்தனர். எங்கள் மலாய்மொழி பாடப்புத்தகத்தில் தொடங்கியது. வளர்ந்தது பந்தாட்டத் திடலில்தான். காட்டில் எந்தப் பழம் தின்னலாம், எது ஆகாது என்பதை எங்களுக்குக் கற்பித்தவர்கள் செமாய்த் தோழர்கள். எந்த ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

பிறகு பிரிவு வந்தது. படித்தவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், படிக்காதவர்களும் போனார்கள். கொழுந்தெடுப்பு கையிலிருந்து கத்தரிக்கும் இயந்திரத்துக்கும் மாறியது. எங்கள் பெற்றோர் நின்ற சரிவுகளில் இன்று வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் நிற்கிறார்கள். உங்கள் ரப்பர் தோட்டங்களிலோ, தோட்டம் துண்டாடப்பட்டும் செம்பனையாக மாறியும் லயங்கள் கலைந்ததை நீங்களே அறிவீர்கள். ஒரு லயம் கலையும்போது வீட்டுக்கும் நிலத்துக்கும் இழப்பீடு பேசுகிறோம். கூடி வளர்ந்தவர்களின் தோழமை கலைவதற்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கண்ணால் காணாமலே நட்புப் பூண்டவர்கள் என்று படிக்கிறோம். நம்முடையது நாள்தோறும் கண்டு, ஒரே அடுப்பில் குளிர்காய்ந்து வளர்ந்த நட்பு. காணாமற்போனால் அதற்குப் பழக்கமில்லை, வாடிவிடும். வள்ளுவர் நட்பைப் பற்றிச் சொன்ன அதிகாரங்களுள் ‘பழைமை’ என்ற ஒன்றைத் தனியே வைத்தார். பழைய தோழமைக்குத் தனியே ஓர் உரிமை உண்டு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் மலைத்தோழர்கள் சிலர் இப்போது கைப்பேசியில் புலனக் குழு ஒன்று வைத்திருக்கிறோம். நலம் விசாரிப்பதோடு நிற்கவில்லை. எவர் பிள்ளை எந்தப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதுகிறது, எந்த ஊரில் தங்க இடம் வேண்டும் என்பதும் அதில் வருகிறது. மலையிலிருந்து இறங்கும் பிள்ளைக்குப் பட்டணத்தில் ஒரு வீட்டு வாசல் தெரிந்திருக்கிறது. ‘இந்தப் படிப்பு என்றால் என்ன, அண்ணே?’ என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். கனவு கண்ணுக்கு எட்டிய தூரம்தான் போகும் என்றோமே, அந்தத் தூரத்தைக் கூட்ட இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அதற்குக் கூட்டமோ வசூலோ வேண்டாம். உங்கள் தோட்டத்தில் இவ்வாண்டு ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று கோயில் நிர்வாகத்தாரும் தொழிற்சங்கக் கிளையினரும் பெற்றோரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், இடைநிலைப்பள்ளிக்கு யாரோடு வண்டி ஏறப் போகிறாய் என்று அந்தப் பிள்ளையையே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பெயருக்குப் பக்கத்தில் இடம் வெறுமையாக இருக்குமானால், பக்கத்துப் பிரிவிலோ பக்கத்துத் தோட்டத்திலோ அதே வண்டியில் போகும் பிள்ளை இருக்கிறதா என்று அன்று மாலையே விசாரித்து, இரு வீட்டாரையும் அறிமுகம் செய்துவையுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.