தராசும் தாம்பத்தியமும்

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் பௌதிகம் படித்தவன். எடை அளவுத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் தராசுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவன். மனோதத்துவம் படிக்கும் என் பேத்திதான் என்னை இந்த விஷயத்தில் இழுத்துவிட்டாள்.

சூசன் ஹெண்ட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1988-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். ஏழே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். துணையோடு ஒருவர் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார் என்று அளப்பது. டில்லியில் உள்ள வயதான தமிழ்த் தம்பதிகளிடம் கொடுக்க, "தாத்தா, தமிழ்ல பண்ணிக் கொடுங்கோ" என்றாள்.

முதல் கேள்வியிலேயே 'பார்ட்னர்'. பங்குதாரர் என்றால் ஜவுளிக்கடை ஞாபகம் வருகிறது. 'உறவு' என்று எழுதினால் மச்சினன், ஓரகத்தி எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். 'லவ்' காதலா, பிரியமா? பிரியம் என்று போட்டேன். மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் விளக்கியிருக்கிறார். அதையும் செய்தோம். வார்த்தைகள் தேறிவிட்டன.

பிறகு என் மனைவியிடம் கொடுத்தேன். ஆரம்பத்தில் எதிர்பார்த்தது எவ்வளவு நிறைவேறியது என்ற ஐந்தாவது கேள்வியில் பென்சிலை வைத்துவிட்டாள். "என்னத்தை எதிர்பார்த்தேன்? உங்களைப் பார்த்ததே அரைமணி. பஜ்ஜி சொஜ்ஜியைக் கொடுத்துட்டு உள்ளே போயிட்டேன்." மற்றதற்கெல்லாம் முழு மதிப்பெண். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். தட்டில் விரலை வைத்துக்கொண்டு நிறுக்கும் கடைக்காரர்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்!

மறுநாள் நான் பால் வாங்கப் போனபோது பேத்தி மறுபடி கொடுத்திருக்கிறாள். இந்தப் பந்தத்தில் ஏன் வந்தோம் என்று நினைத்ததுண்டா என்பது நாலாவது கேள்வி. முதல் நாள் 'ஒருபோதும் இல்லை'. இப்போது 'சில சமயம்'. பேத்தி தாளைக் காட்ட மறுத்தாள். என் மனைவியே காட்டினாள். "1981-ல கைக்குழந்தையோட என்னை இங்கே விட்டுட்டு புவனேஸ்வர் போனேளே, அப்போ." மாற்றல் உத்தரவு, நான் என்ன செய்ய என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. (இதை இங்கே சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன்.)

ஐந்தாவது கேள்வியை, 'கல்யாணமான புதிதில் நினைத்தபடி' என்று மாற்றினோம். மாற்றியபின் அமெரிக்க மதிப்பெண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. சேரைக் கிலோவாக்க வாய்ப்பாடு இருந்தது, இதற்கு இல்லை. நம்மவர்களுக்குள் முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

வாசல் மேஜையில் தாள்கள் இருக்கின்றன. விருப்பப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மாமாக்கள் இந்தக் கூடத்திலும் மாமிகள் நூலக அறையிலும் உட்கார்ந்து எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.