பி.இ. முடிச்சவங்க நர்ஸ் ஆக முடியுமா?

பின்னாடி ஃப்ளைட் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. பல்லாவரம் வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன், நமக்கு பேக்ரவுண்ட் மியூசிக்கே அதுதான்.

இந்த எபிசோடுக்குக் காரணம் என் காலேஜ் ஃப்ரெண்ட். பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. நாலு வருஷம் ஒரே காலேஜ் பஸ்ல வந்தோம், இப்ப அவ சோழிங்கநல்லூர்ல டெஸ்டிங் வேலை பார்க்கிறா. போன வருஷம் அவங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வந்து பார்ப்பார், மீதி நேரம் முழுக்க நர்ஸ்தான். ஒரு ராத்திரி மூணு மணிக்கு, அப்பா மூச்சு விடுற விதம் மாறியிருக்குன்னு முதல்ல கவனிச்சது நைட் டூட்டி சிஸ்டர். மானிட்டர் அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே. "அவங்க எதைப் பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியணும்டா" என்று அவ அன்னைக்கு ஆரம்பிச்சது இன்னும் முடியல.

அப்பா இப்ப நல்லா இருக்கார், வாக்கர் வச்சு நடக்கிறார். அவர் வீட்டுக்கு வந்த ரெண்டாவது மாசம், 200 அடி ரோட்டு டீக்கடையில அவ கேட்டா: "இருபத்தேழு வயசுல நான் நர்ஸ் ஆக முடியுமா?"

நான் ஒரு செகண்ட் கூட யோசிக்கல. "எம்.எஸ்சி. நர்சிங் பண்ணிடு. எம்.சி.ஏ. மாதிரி ரெண்டு வருஷம்தானே" என்றேன். முழுத் தப்பு. அந்தத் தப்பைத் திருத்தத்தான் இந்த எபிசோடே.

நம்ம ஊர்ல எந்த டிகிரி முடிச்சாலும் மூணு வருஷ எல்.எல்.பி. படிச்சு வக்கீல் ஆகலாம். பி.எட். முடிச்சு டீச்சர் ஆகலாம். எம்.பி.ஏ. பத்தி சொல்லவே வேண்டாம். நர்சிங்குக்கு மட்டும் இந்தக் கதவு இல்லை. இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் சேரணும்னா பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிருக்கணும், நர்ஸாகப் பதிவு பண்ணியிருக்கணும், ஒரு வருஷ வேலை அனுபவமும் வேணும். அதாவது ஏற்கெனவே நர்ஸா இருக்கிறவங்களுக்கான படிப்பு அது.

'பதிவு பெற்ற நர்ஸ்' என்பது ஒரு டிகிரியோட பேரு இல்லை, சட்டப்படி கிடைக்கிற ஒரு தகுதி. 1926-லேயே மெட்ராஸ் மாகாணத்தில் நர்ஸ்களுக்கும் மிட்வைஃப்களுக்கும் தனிச் சட்டம் வந்தாச்சு. இன்னைக்கும் தமிழ்நாட்டில் படிச்சு முடிச்சவங்க தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணினாத்தான் நர்ஸ். நாடு முழுமைக்கும் 1947-ஆம் வருஷச் சட்டப்படி இந்தியன் நர்சிங் கவுன்சில் அமைஞ்சது. அதுக்குப் பதிலா தேசிய ஆணையம் கொண்டுவர 2023-ல புதுச் சட்டம் போட்டாங்க. எந்தச் சட்டமா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: நீங்க முடிச்ச படிப்பு அந்தப் பதிவுக்குக் கொண்டுபோகுமா?

சரி, முதல்ல இருந்து பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாமேன்னு பார்த்தோம். நாலு வருஷம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க் வச்சுத்தான் சீட். அங்கதான் இடிச்சது. பிளஸ் டூவில பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியோட பயாலஜி இருந்திருக்கணும். அவளும் நானும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பதினைஞ்சு வயசுல, "பயாலஜி ரெக்கார்ட் நோட்டுல படம் வரையணும், வேண்டாம்"னு எடுத்த முடிவு, பன்னிரண்டு வருஷம் கழிச்சு வந்து கதவைச் சாத்துது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில பயாலஜியைத் தனியா எழுதலாம், அதை வச்சு சேர முடியுமான்னு அட்மிஷன் நடத்துறவங்ககிட்ட நேரடியாக் கேட்டு உறுதிப்படுத்திக்கணும். இன்னொரு வழி ஜி.என்.எம். டிப்ளமோ. மூணு வருஷம், சயின்ஸ் குரூப் இல்லாதவங்களும் சேரலாம், முடிச்சதும் பதிவு பண்ணி நர்ஸ் ஆகலாம். அப்புறம் ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிச்சா டிகிரி.

நான் நம்ம பழக்கப்படி எக்செல் ஷீட் போட்டேன். பி.எஸ்சி. நாலு, அனுபவம் ஒண்ணு, எம்.எஸ்சி. ரெண்டு: ஏழு வருஷம். ஜி.என்.எம். வழியில போனா எட்டு. ஷீட்டைப் பார்த்துட்டு அவ சொன்னா: "நான் எம்.எஸ்சி. கேட்கவே இல்லையே. நர்ஸ் ஆகணும்னுதானே கேட்டேன்." அப்படிப் பார்த்தா நாலு இல்ல மூணு வருஷம். நம்மளுக்கு எப்பவும் மாஸ்டர்ஸ்லதான் கண்ணு.

வெளிநாட்டில் வேற மாதிரி. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1934-லேயே, ஒரு டிகிரி முடிச்சவங்களைத்தான் நர்சிங்குக்கு எடுப்போம்னு மாத்திடுச்சு. இப்ப அங்க வேற டிகிரி முடிச்சவங்களுக்கு பதினொண்ணுல இருந்து பதினெட்டு மாசத்துல முடியுற பி.எஸ்.என். இருக்கு, அதுக்கப்புறம் என்க்லெக்ஸ் பரீட்சை. ஆஸ்திரேலியாவில் ரெண்டு வருஷ கிராஜுவேட் என்ட்ரி மாஸ்டர்ஸ். பிரிட்டன்ல 'ப்ரீ ரெஜிஸ்ட்ரேஷன்' எம்.எஸ்சி., அதுவும் ரெண்டு வருஷம். அவளோட கணக்குக்கு பிரிட்டன்தான் ஒத்து வந்தது.

பிரிட்டன் முறையைக் கொஞ்சம் விளக்கிடுறேன். நர்ஸ் ஆக அங்க மொத்தம் 4,600 மணி நேரம் வேணும். பாதி வகுப்பு, பாதி, அதாவது 2,300 மணி நேரம், வார்டு. மூணு வருஷக் கோர்ஸை ரெண்டா எப்படிச் சுருக்குறாங்க? உங்க பழைய படிப்பையும் பராமரிப்பு அனுபவத்தையும் கணக்குல எடுத்து, கொஞ்சம் கழிச்சு விடுறாங்க. அதனால நிறைய இடங்கள்ல சேர்றதுக்கு முன்னாடியே நோயாளிகளைப் பார்த்துக்கிட்ட அனுபவத்தை ஆதாரத்தோட காட்டணும். இன்னொண்ணு, பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடுன்னு நாலு பிரிவுல ஒண்ணை ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுக்கணும். நம்ம ஊர் நர்சிங்ல எல்லாமும் படிப்பாங்க, பிரசவம் பார்க்கிறதும் சேர்த்து. அதனால அங்க படிச்சுட்டு இங்க திரும்பினா பதிவு தானாக் கிடைச்சுடாது, கவுன்சில் ஏத்துக்கணும்.

இப்ப பயந்த கதை. ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். எந்தக் கன்சல்டன்சின்னு சொல்லப் போறதில்லை. ஏசி ரூம், லண்டன் பாலம் போட்டோ, ஃபில்டர் காபி. "மேடம், எல்லா யுனிவர்சிட்டியும் ப்ரீ ரெஜிஸ்ட்ரேஷனுக்கு வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸை எடுக்காது" என்றார் அந்த அண்ணன். அது உண்மைதான். அதுக்கு அடுத்து சொன்னதுதான் பிரச்சினை: "ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் மேனேஜ்மென்ட் பண்ணுங்க, அதுவும் நர்சிங் மாதிரிதான். அங்க போய் மாத்திக்கலாம்."

டெபாசிட் கட்ட ஒரு வாரம் டைம். அவங்க அம்மா வளையலைக் கழட்டி கைப்பையில வச்சுட்டாங்க. குரோம்பேட்டை அடகுக்கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி, நான் பிரிட்டன் நர்சிங் கவுன்சில் வெப்சைட்ல அங்கீகாரம் பெற்ற கோர்ஸ் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்தக் கோர்ஸ் அதுல இல்லை. அந்த மாஸ்டர்ஸ் முடிச்சா மேனேஜர் ஆகலாம், ஆகாமலும் போகலாம். நர்ஸ் மட்டும் ஆக முடியாது. பதினொண்ணரைக்கு ஃபோன் பண்ணி ஆன்ட்டியை எழுப்பினேன். "தம்பி, நான் இன்னும் தூங்கலப்பா" என்றார்கள்.

யார் எந்தக் கோர்ஸைக் காட்டினாலும் அந்த நாட்டு கவுன்சில் பட்டியல்ல அந்தப் பேரும் அந்தக் கல்லூரியும் இருக்கான்னு பாருங்க. பெயர்ல 'நர்சிங்' இருந்தாலும் நம்பாதீங்க. பதிவுபெற்ற நர்ஸ்கள் மட்டுமே சேரக்கூடிய எம்.எஸ்சி. நர்சிங்கும் அங்க இருக்கு.

இந்தியாவிலும் இப்படி ஒரு ரெண்டு வருஷக் கோர்ஸ் வரணுமா? வரணும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா நர்ஸா இருக்கிற என் பெரியம்மா பொண்ணு கிட்ட சொன்னப்ப சிரிச்சாங்க. 2015-ல எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒப்பந்தத்துல வந்த நர்ஸ்களுக்கு மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பர்ல ஆயிரக்கணக்கானவங்க தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல உட்கார்ந்து போராடினாங்க. சம்பளம் அப்புறம் ஏறுச்சு. "நாலு வருஷம் படிச்சவங்களுக்கே இந்த நிலைமை. ரெண்டு வருஷத்துல வர்ற இன்ஜினியருக்கு யாருடா வேலை வச்சிருக்கா?" என்று அக்கா கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. அவங்க சொன்ன இன்னொண்ணும் மனசுல நிக்குது: ஊசி போடக் கத்துக்க ஒரு வாரம் போதும், ஒரு ஆளைப் பார்த்ததும் ஏதோ சரியில்லைன்னு தோணுறதுக்குத்தான் வருஷம் ஆகும்.

என் ஃப்ரெண்ட் இப்ப வேலையை விடல. சனி, ஞாயிறு ஒரு முதியோர் இல்லத்துல போய் உதவி பண்றா. குளிப்பாட்டுறது, ஊட்டி விடுறது, டயப்பர் மாத்துறது. முதல் நாள் வாந்தி எடுத்தாளாம். எத்தனை மணி நேரம், என்ன வேலைன்னு ஒரு நோட்டுல எழுதி அங்க இருக்கிற சிஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்குறா. ரெண்டு யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணியிருக்கா, ரெண்டும் பட்டியல்ல இருக்கிற கோர்ஸ். பக்கத்துல ஒரு கல்லூரியோட ஜி.என்.எம். விண்ணப்பமும் வாங்கி வச்சிருக்கா. சீட் கிடைக்கலேன்னா அதான்.

முதியோர் இல்லம் போற வழியில தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன். 1928-ல டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஆரம்பிச்ச சானடோரியத்தாலதான் அந்தப் பேரு. மருந்தே இல்லாத காலத்து காசநோய்க்கு நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, பக்கத்துல பார்த்துக்க ஆளு, அவ்வளவுதான் வைத்தியம். தினமும் அந்த ஸ்டேஷனைக் கடந்து போயும் எனக்கு இது தெரியாது, அவதான் சொன்னா.

வேற வேலையில இருந்து நர்ஸ் ஆனவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அவளுக்கு ஒரு கேள்வி இருக்கு: முதல் நைட் டூட்டியில தூக்கத்தை எப்படிச் சமாளிச்சீங்க?