சரக்கு போன ஊருக்கு நம் சொல்லும் போகட்டும்



நம் பகுதிக் கம்பெனிகளின் இணையதளம் பிரெஞ்சு மொழியிலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். வெற்றிலையும் வாழையும் விளையும் பரமத்தி வேலூரில் பிரெஞ்சுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பக்கத்தில் இருக்கும் திருச்செங்கோட்டைப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

இந்தியாவில் எந்த மாநிலத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டு ரிக் வண்டி நிற்கும் என்பது நமக்கெல்லாம் பெருமை. அந்த வண்டிகள் இன்று ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் ஏறுகின்றன. காரணம் பூமிக்கு அடியில் இருக்கிறது. சேலம், நாமக்கல் மண்ணுக்குக் கீழே கிடப்பது கெட்டியான பழம்பாறை. அந்தப் பாறையோடு மல்லுக்கட்டி, ஹேமரும் பிட்டும் கம்ப்ரசரும் எப்படி இருக்க வேண்டும் என்று நம் பட்டறைக்காரர்கள் அனுபவத்தில் கற்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் கிடப்பதும் இதே போன்ற பாறைதான். அங்கே தண்ணீர் வேண்டும், இங்கே அதற்கான கைத்திறன் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சந்தை எங்கே கிடைக்கும்?

அந்த நாடுகளில் அலுவலகமும் பள்ளிக்கூடமும் வங்கியும் பிரெஞ்சில் நடக்கின்றன. இப்படியே செனகல், டோகோ, பெனின், காபோன், காங்கோ என்று வரிசையாகச் சொல்லலாம். உலகில் பிரெஞ்சு பேசுவோர் சுமார் 32 கோடிப் பேர் என்று பிரெஞ்சு மொழி நாடுகளின் சர்வதேச அமைப்பு 2022இல் கணக்குச் சொன்னது. அதில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கர்கள். மாலி, புர்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் அண்மையில் பிரெஞ்சின் ஆட்சிமொழித் தகுதியை எடுத்துவிட்டன, உண்மைதான். ஆனாலும் அலுவல் நடத்தும் மொழியாக அதை வைத்துக்கொண்டிருக்கின்றன.

"ஆங்கிலம் போதாதா?" என்று கேட்பீர்கள். ஒரு ரிக் வாங்குவது ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவு இல்லை. முதலாளிக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம். வண்டியை ஓட்டப்போகும் ஆபரேட்டர், பழுது பார்க்கப்போகும் மெக்கானிக், கடன் கொடுக்கும் வங்கி அதிகாரி, டெண்டரைப் பரிசீலிக்கும் அரசு ஊழியர் என்று அத்தனை பேர் கண்ணிலும் அந்த விவரம் பட வேண்டும். ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் தலைமையகம் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் இருக்கிறது. அதன் அலுவல் மொழிகள் இரண்டில் ஒன்று பிரெஞ்சு. அந்த வட்டாரத்து அரசுகள் குடிநீர்த் திட்டங்களுக்கு விடும் டெண்டர்களும் பிரெஞ்சில் வருகின்றன. அபிஜானில் ஒருவர் போர் வண்டி தேடிக் கூகுளில் பிரெஞ்சில் தட்டினால், ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் நம் பக்கம் அவர் கண்ணில் படுவதே அரிது.

2020இல் சிஎஸ்ஏ ரிசர்ச் நிறுவனம் 29 நாடுகளின் நுகர்வோரிடம் ஆய்வு நடத்தியது. தம் மொழியில் விவரம் உள்ள பொருளையே விரும்புவதாக 76 சதவீதம் பேர் சொன்னார்கள். வேற்று மொழி இணையதளத்தில் வாங்கவே மாட்டோம் என்றவர்கள் 40 சதவீதம். கடையில் வாங்கும் சின்னச் சாமானுக்கே இப்படி என்றால், பெரும்பணம் போட்டு மிஷின் வாங்குகிறவர் எவ்வளவு யோசிப்பார்!

நம் ஊர் வெற்றிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளி மாநில வியாபாரியோடு நேரே பேசத் தெரிந்தவர் கையில் நிற்கும் காசும், நடுவில் ஆள் வைத்துப் பேசுகிறவர் கையில் நிற்கும் காசும் ஒன்றா? பிரெஞ்சுப் பக்கத்தின் முதல் லாபம் இதுதான். வாங்குபவர் நம்மையே நேரடியாகக் கேட்பார். விலையை நாம் சொல்லலாம். உதிரி பாகத்துக்கும் சர்வீசுக்கும் அவர் திரும்ப நம்மிடமே வருவார். ஒரு வண்டி விற்றதோடு முடிந்துபோகும் உறவு, பத்து வருட உறவாக வளரும்.

ஆனால் பிரெஞ்சில் பக்கம் போடுவது என்றால் சொல்லை மட்டும் மாற்றிவிட்டுப் போவதில்லை. நாம் போரை அடியில் அளக்கிறோம், அவர்கள் மீட்டரில் அளக்கிறார்கள். நம் 1,000 அடி அவர்களுக்கு 305 மீட்டர். நம் ஆறரை அங்குலத் துளை அவர்களுக்கு 165 மில்லிமீட்டர். நாம் 300 பிஎஸ்ஐ என்று சொல்லும் அழுத்தம் அவர்கள் கணக்கில் சுமார் 21 பார். நாம் 6.5 என்று புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் 6,5 என்று காற்புள்ளி வைப்பார்கள். 1,250 என்று நாம் எழுதினால் ஒன்றேகால் என்று அவர்கள் படிக்கக்கூடும். ஆப்பிரிக்காவில் 14 நாடுகள் புழங்கும் சிஎஃப்ஏ பிராங்க் யூரோவோடு நிலையான மதிப்பில் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் யூரோவிலும் விலை சொன்னால் அவர்கள் உடனே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் கணினியே மொழிபெயர்த்துத் தந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். முதல் வரைவை அது தரட்டும். உத்தரவாத விதியையும் பாதுகாப்புக் குறிப்பையும் பிரெஞ்சும் தொழிலும் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி பார்த்தே ஆக வேண்டும். அழுத்தத்தின் அளவு ஒன்று தவறினால் ஆபத்து ஒரு தொழிலாளியின் உயிருக்கு.

ரிக் வண்டிக்கு மட்டும் இல்லை இந்தக் கதை. காவிரிப் பாலம் தாண்டினால் கரூர் மாவட்டம். கரூரின் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் ஐரோப்பிய வீடுகளுக்குப் போகின்றன. பிரான்சில் விற்கும் பொருளின் விவரம், பயன்படுத்தும் முறை, உத்தரவாதம் எல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று 1994 ஆகஸ்ட் 4 அன்று வந்த தூபோன் சட்டம் சொல்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1977இல் வந்த மொழிச் சட்டம் வணிகப் பட்டியல்களையும் பிரெஞ்சில் கேட்கிறது. எப்படியும் எழுதியாக வேண்டிய அந்த விவரங்களை நம் பெயரில், நம் தளத்தில் முதலிலேயே எழுதிவைத்தால் வாங்குபவருக்கு நம்மேல் நம்பிக்கை பிறக்கும்.

இதற்கு ஆள் தேடி பாரீசுக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சேரி இருக்கிறது. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. தமிழும் பிரெஞ்சும் ஒருசேரத் தெரிந்த குடும்பங்கள் அங்கே தலைமுறையாக வாழ்கின்றன. அந்த மண்ணில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை 1747இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் தலைமைத் துபாஷ், அதாவது இருமொழி இடைத்தரகர், ஆனார். பல ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதிய அந்த வணிகர், மொழி தெரிந்தவன் வியாபாரத்தில் எவ்வளவு உயரலாம் என்று வாழ்ந்து காட்டினார். அன்று கம்பெனி அவர்களுடையது, துபாஷ் நம்மவர். இன்று கம்பெனியே நம்முடையது!

ஆகவே தொழில் செய்யும் அன்பர்களே, உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன். தளம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நீங்கள் யார், உங்கள் மிஷின் என்ன செய்யும், அளவு விவரம், உத்தரவாதமும் உதிரி பாகமும், தொடர்புகொள்ளும் வழி என்று ஐந்து பக்கங்களில் தொடங்குங்கள். பிரெஞ்சில் கேள்வி வந்தால் பிரெஞ்சிலேயே பதில் சொல்ல ஒருவரை வையுங்கள். பதில் வராத பக்கம் இருந்தும் பயனில்லை. சிறு பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் செலவு பங்காகும்.

மாணவச் செல்வங்களே, பொத்தனூரிலும் பாண்டமங்கலத்திலும் பிறந்த பிள்ளை ஏன் பிரெஞ்சு படிக்கக் கூடாது? பிட்டுக்கும் ஹேமருக்கும் வித்தியாசம் தெரிந்த நீங்கள் பிரெஞ்சும் கற்றால், உங்களைத் தேடிக்கொண்டு வேலை வரும், அதுவும் சொந்த ஊரிலேயே.

ஆடிப்பெருக்குக்கு நாமெல்லாம் மீண்டும் காவிரிக்கரையில் கூடுவோம். அதற்குள் இந்த அரங்கில் இருக்கும் கம்பெனிகளில் ஒன்றாவது தன் பிரெஞ்சுப் பக்கத்தைத் திறந்திருக்க வேண்டும். யார் முதலில் திறக்கப்போகிறீர்கள்? இந்தக் கூட்டம் கலைவதற்குள் எழுந்து பெயர் கொடுங்கள், ஊரே உங்களுக்குத் துணை நிற்கும்.