இடுப்பு வலிக்குக் கத்திதான் முடிவா?

பிழைப்புக்காக மைசூருக்கு வந்த நம்மவர் ஒருவர், தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். திடீரென்று இடுப்பில் சுரீரென்று ஒரு வலி தோன்றிக் காலின் வழியே பெருவிரல் வரையில் மின்னலெனப் பாய்கிறது. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்கிறார். கேட்டவர் மனத்தில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன: கத்தி வைப்பார்களோ? வேலை போய்விடுமோ?

நம் முதுகெலும்புகளுக்கு இடையே 23 வட்டத் தகடுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் கொழுக்கட்டைக்கு ஒப்பிடலாம். வெளியே உறுதியான தோல். உள்ளே மெதுவான பூரணம். தோல் கிழிந்தால் பூரணம் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்துகிறது. அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. இடுப்பிலுள்ள கோளாறு காலில் வலியாக வெளிப்படுவது இதனால்தான். பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் இதனை 1934-ல் விளக்கி எழுதினர். அதன்பின் பிதுங்கியதை வெட்டி எடுக்கும் முறை எங்கும் பரவிற்று.

ஆயினும் உடலுக்குத் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. பிதுங்கிய பகுதியை உடலே சிறுகச் சிறுகக் கரைத்துவிடுவது பலரிடம் காணப்படுகிறது. நார்வே நாட்டு மருத்துவர் வெபர், அறுவை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பத்தாண்டுகள் கவனித்து, 1983-ல் முடிவை வெளியிட்டார். முதலாண்டில் அறுவை செய்துகொண்டவர்களே நலமாயிருந்தனர். நான்காம் ஆண்டிலோ வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது.

ஆகவே, கத்தியில்லாச் சிகிச்சையில் நாம் எதிர்பார்க்கக்கூடியது என்ன? முதல் ஓரிரு வாரம் வலி கடுமையாக இருக்கும். மருத்துவர் தரும் மாத்திரை வலியைத் தணிக்கும். அதனைத் தாமாகவே வாங்கி நெடுநாள் உண்பது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஓரிரு நாள் படுத்திருக்கலாம். வாரக்கணக்கில் படுப்பது தசைகளைத் தளர்த்திவிடும். குக்கரஹள்ளி ஏரிக்கரை போன்ற சமதரையில் சிறிது சிறிதாக நடப்பது நன்று. சாமுண்டி மலைப் படிகளும், குனிந்து செய்யும் ஆசனங்களும் சற்றுப் பொறுத்திருக்கட்டும். காலில் இருந்த வலி மேலேறி இடுப்பளவில் நின்றால், அது பெரும்பாலும் குணத்தின் அறிகுறி. பெரும்பாலோர் 6 முதல் 12 வாரங்களுக்குள் தேறிவிடுகின்றனர். தாங்கொணாத கால்வலிக்கு முதுகில் ஊசி போடுவதுண்டு. அதன் பயன் சில காலமே நிற்கும்.

எதிர்பார்க்கக்கூடாததும் உண்டு. எண்ணெய்த் தேய்ப்பு இதம் தரும். ஆனால், பிதுங்கிய டிஸ்க்கை எந்தக் கையும் தட்டி உள்ளே தள்ளிவிட முடியாது. முரட்டுத்தனமாக முறுக்குபவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். மூன்று மாதமாகியும் கால்வலி தணியாவிட்டால், அறுவையைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் ஆலோசியுங்கள்.

இனிச் சொல்வதை மறவாதீர்கள். சிறுநீர் கழிக்க முடியாமற் போதல், மலஜலம் அறியாமல் வெளியேறுதல், தொடைகளின் நடுவே மரத்துப்போதல், பாதம் தொய்ந்து நாளுக்கு நாள் வலுவிழத்தல் ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினாலும் பொறுமை கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மைசூரில் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிருஷ்ணராஜேந்திர அரசு மருத்துவமனை இருக்கிறது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயிலுக்குக் காத்திருப்பவர் நரம்பையே இழக்க நேரிடும்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் நம்மவர் "பென்னு நோவு" என்ற இரண்டு கன்னடச் சொற்களோடு நின்றுவிடுகின்றனர். மற்றதைச் சொல்ல மொழியும் வருவதில்லை, வெட்கமும் விடுவதில்லை. வலி இறங்கும் வழியை விரலால் கோடிட்டுக் காட்டுங்கள். மரத்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். கன்னடம் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று, சிறுநீரைப் பற்றியும் வெட்கமின்றிச் சொல்லுங்கள். காத்திருக்கலாமா, கத்தி வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க மருத்துவருக்குப் படத்தைவிட உங்கள் வாய்மொழியே பெருந்துணை.